கரட்டுச் செடியும் இறைப்பராமரிப்பும்

படைப்பைப் பேணுவதற்கான திருப்பலி மறையுரை
வாசகங்கள்: சாலமோனின் ஞானம் 13:1-9, கொலோசையர் 1:15-20, மத்தேயு 6:24-34



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் நமக்கு இரண்டு வேலைகள் தருகிறார். வானத்தில் பறக்கும் பறவைகளை நிமிர்ந்து பார்க்கச் சொல்கிறார். யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் வெளியில் வளர்ந்து நிற்கும் மலர்ச்செடிகளைக் கூர்ந்து கவனிக்கச் சொல்கிறார். அரசர் சாலமோனின் உடையைவிட அந்தச் செடியின் பூ அழகு என்கிறார். அடுத்த மூச்சில் இன்னொன்றும் சொல்கிறார்: இன்றைக்குப் பச்சையாய் நிற்கும் அந்தப் புல் நாளைக்கு அடுப்புக்குப் போகும்.

இந்தக் கடைசிச் செய்தியை நாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். கொஞ்சம் நிற்போம். கலிலேயாவில் விறகு எளிதாகக் கிடைக்காது. அந்த ஊர்ப் பெண்கள் காய்ந்த புல்லையும் முட்செடியையும் அரிந்து கட்டித் தலையில் சுமந்து வந்து, களிமண் அடுப்பை மூட்டி அப்பம் சுட்டார்கள். நாசரேத்தில் அன்னை மரியாவும் அப்படித்தான் அடுப்பு மூட்டியிருப்பார். அதைப் பார்த்து வளர்ந்த மகன்தான் மலைமேல் அமர்ந்து இறைப்பராமரிப்பைப் பற்றிப் போதிக்கிறார். சுள்ளி பொறுக்கும் ஏழைப் பெண்ணின் அன்றாடத்திலிருந்து அவர் தம் பாடத்தை எடுக்கிறார்.

அவருடைய பேச்சில் எத்தனை செடிகள் என்று எண்ணிப் பாருங்கள். கடுகுச் செடி, கோதுமைக்குள் முளைத்த களை, காற்றில் ஆடும் நாணல், துளிர்விட்டுக் கோடையைக் காட்டும் அத்தி மரம், திராட்சை தராத முட்செடி. புதினாவிலும் சீரகத்திலும் பத்தில் ஒரு பங்கைக் கணக்காகச் செலுத்திவிட்டு நீதியை மறந்தவர்களை அவர் கண்டித்தார். காட்டு அத்தி மரத்தில் ஏறியிருந்த சக்கேயுவை நிமிர்ந்து பார்த்து அழைத்தார். செடிகளைப் பெயர் சொல்லி அறிந்த ஒருவர் நம் ஆண்டவர்.

அன்பார்ந்தவர்களே, நம் சேலம், நாமக்கல் சமவெளியிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள். நமக்குச் சுற்றிலும் மலைகள். கிழக்கே கல்வராயன், வடக்கே சேர்வராயன், தெற்கே கொல்லிமலை, நடுவில் போதமலை, சேலத்துக்குப் பக்கத்திலேயே கஞ்சமலை. மலைக்கும் வயலுக்கும் இடையில் கரடுகள், ஓடைகள், ஏரிக்கரைகள். அங்கே முளைக்கும் செடிகள் யாருடைய வரவு செலவுக் கணக்கிலும் இல்லை. ஆனால் நம் பாட்டன் பாட்டியின் நாள், காலை முதல் இரவு வரை, அந்தச் செடிகளால்தான் ஓடியது.

விடிந்ததும் கையில் வேப்பங்குச்சி, இல்லையென்றால் வேலங்குச்சி. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்தால் தலைக்கு அரப்பு. உசிலை மரத்து இலையை நிழலில் உலர்த்தி இடித்த பொடிதான் அது. பட்டுச் சேலையை அலச மலையிலிருந்து வந்த பூந்திக்கொட்டை. மழை பெய்து பத்து நாளானால் வயல்வெளியில் தானாக வந்து நிற்கும் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமுட்டிக்கீரை. மடி நிறையப் பறித்து வந்து கடைந்து, கேழ்வரகுக் களியோடு வைத்தால் ஒரு குடும்பத்துக்குப் பசியாறும். காசு கொடுத்து வாங்கிய பொருள் அந்தத் தட்டில் உப்பு ஒன்றுதான். மூட்டு வலித்தால் முடக்கத்தான் தோசை. வாய் கசந்தால் பிரண்டைத் துவையல். சளி கட்டினால் தூதுவளை ரசம். நீர்க்கோவைக்கு நொச்சித் தழை போட்டு ஆவி. அதே நொச்சித் தழையைத் தானியக் குதிரிலும் போட்டு வைத்தார்கள், பூச்சி அண்டாமலிருக்க. வயலுக்குத் தழையுரம் வேண்டுமென்றால் புங்கன், எருக்கு, ஆவாரை. விருந்துக்கு மந்தாரை இலை தைத்த தட்டு. கலப்பைக்குக் கருவேலம். வாசல் பெருக்க மலையிலிருந்து வந்த ஈச்சஞ்சீமாறு.

காட்டைச் சுற்றி வேலி என்றால் கிளுவை. குச்சியை ஒடித்து நட்டால் போதும், வேர் பிடித்துக்கொள்ளும். இந்தக் கிளுவையைப் பற்றி நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். பெத்லகேமுக்கு ஞானிகள் கொண்டு வந்த வெள்ளைப்போளம் இருக்கிறதே, ஆண்டவரை அடக்கம் செய்ய நிக்கதேம் கொண்டு வந்தாரே, அதைத் தரும் மரமும் நம் வேலிக் கிளுவையும் தாவர இயலில் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆடு மேய்க்கிற பிள்ளை தினமும் உரசிக்கொண்டு போகிற அந்த முள்வேலி, ஆண்டவரின் பிறப்பிலும் இறப்பிலும் மணம் வீசிய மரத்துக்கு உறவு.

முதல் வாசகத்தில் ஒரு கேள்வியைக் கேட்டோம். படைப்பின் அழகையும் ஆற்றலையும் கண்டு வியந்த மனிதர்கள், அவற்றை உண்டாக்கியவரை ஏன் கண்டுகொள்ளவில்லை? அந்த நூல் எழுதப்பட்ட காலத்தில் மக்கள் படைப்பைப் பார்த்தார்கள், படைத்தவரைத் தவறவிட்டார்கள். நம் காலத்தின் குறை இன்னும் ஆழமானது. நாம் படைப்பையே பார்ப்பதில்லை. ஏரிக்கரையில் நிற்பது ஆவாரையா, தகரையா என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. பெயர் தெரியாத ஒன்றுக்காக யாரும் நன்றி சொல்ல முடியாது.

எனவே இன்றைய இறைவார்த்தையின் ஒளியில் மூன்று செயல்களைச் சிந்திப்போம்: கவனிப்பது, அளவோடு எடுப்பது, நீதியோடு பகிர்வது.

முதலாவது, கவனிப்பது.

சாலமோனின் ஞானம் ஏழாம் அதிகாரத்தில், கடவுள் தமக்குக் கற்பித்தவற்றை அந்த ஞானி வரிசையாகச் சொல்கிறார். உலகின் அமைப்பு, விண்மீன்களின் நிலை, பருவங்களின் சுழற்சி. அந்த வரிசையிலேயே செடிகளின் வகையும் வேர்களின் ஆற்றலும் வருகின்றன. விண்மீன்களை அறிவதும் வேர்களை அறிவதும் விவிலியத்துக்கு ஒரே ஞானம். இரண்டும் ஒரே கடவுள் தந்தவை. சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. மண்ணிலிருந்து மருந்துகளை உண்டாக்கியவர் ஆண்டவரே. அறிவுள்ளவர் அவற்றை இகழமாட்டார். எசேக்கியா அரசர் சாகும் நிலையில் கிடந்தபோது, இறைவாக்கினர் எசாயா அத்திப்பழத்தை அரைத்துக் கட்டியின்மேல் பற்றுப் போடச் சொன்னார். இறைவாக்கினரின் செபமும் அத்திப்பழப் பற்றும் அங்கே ஒன்றாக வேலை செய்தன.

மாராவின் கசப்பு நீரை நினைத்துப் பாருங்கள். பாலைநிலத்தில் மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் நடந்த மக்கள், கிடைத்த நீரைக் குடிக்க முடியாமல் முறுமுறுத்தார்கள். ஆண்டவர் மோசேக்கு ஒரு மரத்தைக் காட்டினார். அதை நீரில் போட்டதும் நீர் இனிமையானது. அது அருஞ்செயல். ஆனால் அதில் நாம் கற்க ஒரு பாடமும் உண்டு: மருந்து மரம் ஏற்கெனவே அங்கேதான் நின்றுகொண்டிருந்தது, மோசேக்குக் கண் திறக்க வேண்டியிருந்தது. நம் ஊர்களிலும் புதுவெள்ளம் வந்து கிணறும் குளமும் கலங்கினால், பெண்கள் தேற்றான் கொட்டையை எடுத்து மண்பானையின் உட்புறத்தில் உரசி, கலங்கிய நீரை அதில் ஊற்றி வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் சேறெல்லாம் அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். அந்தக் கொட்டையில் உள்ள பொருள், நீரில் மிதக்கும் நுண்ணிய மண் துகள்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கனமாக்கிக் கீழே இறக்குகிறது என்பது இன்றைய அறிவியல் விளக்கம். ஆய்வுக்கூடம் இல்லாத காலத்தில், தலைமுறை தலைமுறையாகக் கவனித்து ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லிக் கொடுத்த அறிவு அது.

கவனிப்பில் இன்னொரு பக்கமும் உண்டு. அரசர்கள் இரண்டாம் நூலில், பஞ்ச காலத்தில் எலிசாவின் சீடர்களுக்குக் கஞ்சி காய்ச்சுகிறார்கள். ஒருவர் வெளியே போய்க் காட்டுக் கொடி ஒன்றைக் கண்டு, அது இன்னதென்று தெரியாமலேயே காய்களைப் பறித்து வந்து பானையில் போட்டுவிட்டார். வாயில் வைத்தவர்கள் பானையில் சாவு இருக்கிறதென்று அலறினார்கள். தெரியாமல் பறிப்பது ஆபத்து. நம் மாநில மலராகிய செங்காந்தளைப் பாருங்கள். வேலியில் தீக்கொழுந்துபோலப் பூத்து நிற்கும். அதன் கண்வலிக்கிழங்கு உயிரைக் குடிக்கும் நஞ்சு. அதே செடியிலிருந்து எடுக்கும் வேதிப்பொருள், மருத்துவர் அளந்து கொடுத்தால் கீல்வாதத்துக்கு மருந்து. கைபேசியில் வந்த ஒரு காணொளியைப் பார்த்துவிட்டுக் கண்ட வேரையும் இடித்துக் குடிக்கிறவர்களுக்கு எலிசாவின் பானை ஓர் எச்சரிக்கை.

இதை உங்கள் மேய்ப்பனாகத் தெளிவாகச் சொல்கிறேன்: பாம்பு கடித்தால் நேராக அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். மஞ்சள் காமாலை என்றால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் விடவில்லையென்றால் கைவைத்தியத்தோடு காத்திருக்காதீர்கள். சீராக்கின் ஞானம் மருந்துச் செடியை மதிக்கச் சொன்ன அதே அதிகாரத்தில்தான் மருத்துவரையும் மதிக்கச் சொல்கிறது. இரண்டும் ஒரே கடவுளிடமிருந்து வந்தவை.

இரண்டாவது, அளவோடு எடுப்பது.

நாளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று ஆண்டவர் சொல்வதைக் கேட்டுச் சிலர் சோம்பலுக்கு இடம் தேடுகிறார்கள். பாலைநிலத்தில் மன்னா பொழிந்தபோது மக்கள் சும்மா இருக்கவில்லை. விடியற்காலையில் எழுந்து, குனிந்து, பொறுக்கிச் சேர்த்தார்கள். ஆனால் அவரவர் வீட்டுக்கு வேண்டிய அளவு மட்டுமே. பேராசையில் மறுநாளுக்குப் பதுக்கியது புழுத்து நாறியது. காட்டுக்குப் போய்ப் பறிப்பவருக்குக் கடவுள் கொடுத்த முதல் ஒழுங்குமுறை அது. இணைச்சட்ட நூல் இன்னொரு சட்டம் சொல்கிறது: வழியில் ஒரு பறவைக் கூட்டைக் கண்டால், குஞ்சுகளோடு தாயையும் பிடிக்காதே; தாயை விட்டுவிடு. அப்படிச் செய்தால் நீ நெடுநாள் வாழ்வாய் என்ற வாக்குறுதியும் அதோடு வருகிறது. தாய் தந்தையை மதிப்பவர்களுக்குத் தரப்பட்ட அதே வாக்குறுதி, தாய்ப்பறவையை விட்டுவைப்பவர்களுக்கும் தரப்பட்டிருக்கிறது.

நம் பெரியவர்கள் இந்த நூலை வாசித்தவர்கள் அல்லர். ஆனால் இந்த ஒழுங்கு அவர்கள் கையில் இருந்தது. கீரையைக் கிள்ளுவார்கள், வேரோடு பிடுங்கமாட்டார்கள். நன்னாரி வேரைத் தோண்டினால் ஒரு பகுதியை மண்ணிலேயே விட்டுக் குழியை மூடுவார்கள். நெல்லி மரத்தில் எட்டிய கிளையைப் பறித்து, உச்சிக் கிளையைப் பறவைக்கு விடுவார்கள். பூத்த செடியை விதைக்காக நிறுத்துவார்கள்.

இன்று என்ன நடக்கிறது? கொல்லிமலைக்கோ ஏற்காட்டுக்கோ போனால், வழியெல்லாம் முடவாட்டுக்கால் கிழங்கைக் குவித்து வைத்திருக்கிறார்கள். ஆட்டுக்கால் போலவே ரோமத்தோடு இருக்கும் அது, பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் தண்டு. சூப்பு வைத்தால் கை கால் வலிக்கு நல்லது என்று மலைவாழ் மக்கள் காலங்காலமாகச் சாப்பிட்டார்கள். வீட்டுக்கு ஒரு துண்டு எடுத்தபோது பாறையில் மறுபடி தழைத்தது. இப்போது வார விடுமுறைக்கு வருகிற கார்களின் எண்ணிக்கைக்குத் தக்கபடி மூட்டை மூட்டையாகப் பெயர்த்து எடுக்கப்படுகிறது. மெதுவாக வளரும் ஒரு செடி இந்த வேகத்தைத் தாங்காது. வாங்குகிறவர் நாம்தான். குற்றம் பெயர்த்தவர்மேல் மட்டும் இல்லை.

கீழே சமவெளியிலும் இதே கதைதான். வரப்பில் களைக்கொல்லி தெளிக்கிறோம். கீழாநெல்லியும் பொன்னாங்கண்ணியும் கரிசலாங்கண்ணியும் களையோடு களையாகக் கருகுகின்றன. பிறகு அதே கரிசலாங்கண்ணியைப் பொடியாக்கி அடைத்த டப்பாவைக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம். கரடுகளை உண்ணிச்செடியும், ஏரிகளைச் சீமைக்கருவேலமும் மூடிக்கொண்டன. மலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலத்தில் பெரும்பகுதி, நம் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளிக்கு மாறிவிட்டது. மரவள்ளி பலருக்குச் சோறு போட்டது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே பயிர் எல்லா நிலத்தையும் விழுங்கும்போது, அதன் ஓரத்தில் வாழ்ந்த நூறு செடிகளும் அவற்றை அறிந்த பாட்டியின் அறிவும் சேர்ந்தே போகின்றன.

கொல்லிமலையில் வளர்ந்த ஒரு குழந்தை 1914-ஆம் ஆண்டு பிறந்தது. பெயர் பால் பிராண்ட். பெற்றோர் ஜெஸ்ஸி, எவ்லின் பிராண்ட். அந்த மலை மக்களுக்காகவே வாழ்ந்த பாப்டிஸ்ட் மறைப்பணியாளர்கள். தந்தை 1929-இல் அந்த மலையிலேயே காய்ச்சலில் உயிர்விட்டார். மகன் பின்னாளில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உலகப் புகழ் பெற்ற மருத்துவரானார். அவர் தம் சிறு வயது நிகழ்ச்சி ஒன்றை எழுதியிருக்கிறார். மலையின் படிக்கட்டு வயலில் பிள்ளைகள் தவளை பிடித்து விளையாட, வயல் கலங்கிச் சேறு ஓடைக்கு ஓடியது. அங்கு வந்த முதியவர் ஒருவர் பிள்ளைகளை அடிக்கவில்லை. ஒரு கைப்பிடிச் சேற்றை அள்ளிக் காட்டி, ஓடையில் இறங்கிப் போகிற சேறு மீண்டும் மலை ஏறி வராது, அதோடு வருங்காலத்தின் சோறும் போய்விடும் என்று விளங்க வைத்தார். உலகம் சுற்றிய அந்த மருத்துவர், அந்த மலைக் குடியானவரைத் தம் ஆசிரியராக நினைவுகூர்ந்தார். நம் திருச்சபைகள் வெவ்வேறாக இருக்கலாம். அந்தப் பணிவு நம் எல்லாருக்கும் பாடம்.

மூன்றாவது, நீதியோடு பகிர்வது.

அறுவடையின்போது வயலின் ஓரத்தை அரிந்துவிடாதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் அந்நியருக்கும் உரியது என்று லேவியர் நூல் கட்டளையிடுகிறது. ரூத் அந்த ஓரத்தில் பொறுக்கித்தான் பிழைத்தார். அவருடைய வழிமரபில்தான் தாவீதும், நம் ஆண்டவரும் வந்தார்கள். நம் ஊரில் அந்த ஓரம் எது? புறம்போக்கு, ஏரிக்கரை, கரடு. நிலமில்லாத குடும்பத்துக்கு விறகும் கீரையும் ஆட்டுக்குத் தழையும் அங்கேதான். அந்த ஓரத்தைச் சுருட்டி வேலி போடுகிறவர், ரூத்தின் மடியிலிருந்து கதிரைப் பிடுங்குகிறார்.

மலையின் மக்களைப் பற்றியும் பேச வேண்டும். நம் மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தேன், கடுக்காய், நெல்லி, சீயக்காய், சீமாறு என்று சுமந்து இறக்குகிறார்கள். சிறுவன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்பதை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அது சட்டத்தின் நீதி. சந்தையின் நீதி நம் கையில் இருக்கிறது. பெரிய கடையில் சொன்ன விலையைப் பேசாமல் கொடுத்துவிட்டு, மலையிலிருந்து நடந்து வந்த தாயிடம் ஒரு கட்டுச் சீமாறுக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்கிறோமே, அது நற்செய்தி கேட்டவர்களின் செயலா?

அறிவுக்கும் நீதி உண்டு. 1987-இல் கேரளத்தின் அகத்தியர் மலைப்பகுதியில் அறிவியலாளர்கள் சிலர் காணிப் பழங்குடியினரை வழிகாட்டிகளாக அழைத்துக்கொண்டு ஏறினார்கள். படித்தவர்கள் களைத்து உட்கார, வழிகாட்டிகள் ஏதோ ஒரு சிறு பழத்தை மென்றுகொண்டு தெம்போடு நடந்தார்கள். வற்புறுத்திக் கேட்ட பிறகு அந்த ஆரோக்கியப்பச்சைச் செடியைக் காட்டிக் கொடுத்தார்கள். பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, தயாரிக்கும் உரிமையை 1990-களில் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் இரண்டு விழுக்காட்டுக்கும் கொடுத்தது. வந்த தொகையில் பாதியைக் காணி மக்களின் அறக்கட்டளைக்கு ஒதுக்கியது. சிக்கல்கள் பின்னால் வந்தன என்றாலும், அறிவு தந்தவருக்குப் பங்கு தர வேண்டும் என்று உலகமே திரும்பிப் பார்த்த எடுத்துக்காட்டு அது. நேர் மாறான கதையும் உண்டு. நம் வீட்டு மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் நாட்டு அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு எதிர்த்து முறையிட்டு, பழைய நூல்களைச் சான்றாகக் காட்டி, 1997-இல் அதை இரத்து செய்ய வைத்தது. எழுதி வைக்கப்பட்ட அறிவு அங்கே நம்மைக் காப்பாற்றியது. எழுதி வைக்காத பாட்டியின் அறிவை யார் காப்பாற்றுவது?

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வழங்கிய ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலில், காடுகளில் வாழும் பூர்வகுடி மக்களின் நிலங்களைப் பாதிக்கும் எந்தத் திட்டத்திலும் அவர்களோடுதான் முதலில் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நிலம் அவர்களுக்கு விற்பனைப் பொருள் அன்று. கடவுளின் கொடை, முன்னோர் துயிலும் இடம் என்று எடுத்துரைத்தார். 2025 ஜூலையில் வத்திக்கான் வெளியிட்ட புதிய திருப்பலி முறையைத்தான் இன்று நாம் பயன்படுத்துகிறோம். அதே மாதம் 9-ஆம் நாள் திருத்தந்தை 14-ஆம் லியோ காஸ்தல் கந்தோல்போவில், தோட்டத்து மரங்களின் நடுவே, இந்தத் திருப்பலியை நிறைவேற்றினார். படைப்பைக் காப்பது நம் வழிபாட்டின் நடுவுக்கே வந்துவிட்டது. நாம் ஏந்தும் அப்பமும் இரசமும் செடியிலிருந்து வந்தவை. குருத்து ஞாயிறன்று கையில் பிடிப்பது ஓலை. அந்த ஓலை எரிந்த சாம்பலைத்தான் அடுத்த ஆண்டு திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பெறுகிறோம். இரண்டாம் வாசகம் சொன்னபடி அனைத்தும் கிறிஸ்துவின் வழியாகவும் அவருக்காகவும் படைக்கப்பட்டன, அவரில் நிலைபெற்றுள்ளன. அனைத்தும் என்றால் கரட்டில் நிற்கும் ஆவாரையும் அதில் அடக்கம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு என்ன செய்வது? உங்கள் முன் சில வேலைகளை வைக்கிறேன்.

போகியன்று மாலையில் நம் பகுதி முழுவதும் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்து வீட்டுக்கும் கிணற்றுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் காப்புக் கட்டுகிறார்கள். நம் வீடுகளிலும் பொங்கல் உண்டு, கோவிலில் பொங்கல் திருப்பலியும் உண்டு. இந்த ஆண்டு அந்தச் செடிகளைச் சந்தையில் கட்டாக வாங்காமல், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கரட்டுக்குப் போங்கள். ஒவ்வொரு செடியின் பெயரையும் பயனையும் சொல்லிக் கொடுங்கள். வேண்டிய அளவு மட்டும் ஒடித்து வாருங்கள்.

மறைக்கல்வி பயிலும் பிள்ளைகளே, ஆளுக்கொரு நோட்டு எடுங்கள். உங்கள் பாட்டியிடம், அப்பத்தாவிடம், அமுச்சியிடம் உட்கார்ந்து அவர்களுக்குத் தெரிந்த செடிகளை எழுதுங்கள்: பெயர், முளைக்கும் இடம், பறிக்கும் காலம், பக்குவம், கூடாத பயன்பாடு. மலையடிவாரத்தில் உள்ள பிள்ளைகள் மலை மக்களிடமும் அனுமதி கேட்டு எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் மறக்காமல் குறியுங்கள்.

மாடு வைத்திருக்கும் குடும்பங்களே, மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துப் பூசும் நம் பழைய முறையை இன்று கால்நடை அறிவியலாளர்களே பரிந்துரைக்கிறார்கள். பொடக்காலியில் ஒரு வரிசைக் கற்றாழை வையுங்கள். பக்கத்தில் நொச்சி, ஆடாதோடை, தூதுவளை, துளசி. வரப்பில் களைக்கொல்லி அடிப்பதை நிறுத்துங்கள்.

நம் சேலம் மறைமாவட்டம் 1930-இல் பிறந்தது. 2030-இல் நூறு ஆண்டு நிறைவடையும். கோபுரத்துக்குப் புது வண்ணம் பூசுவோம், நல்லது. அதோடு ஒவ்வொரு பங்கின் வளாகத்திலும், அந்தந்த ஊரின் கரட்டுச் செடிகளையும் மரங்களையும் பெயர்ப் பலகையோடு வளர்த்து, சாதி சமயம் பாராமல் ஊராருக்குத் திறந்துவிடுவோம். திருவெளிப்பாட்டு நூலின் கடைசி அதிகாரத்தில் புதிய எருசலேமின் நடுவே ஆற்றங்கரையில் வாழ்வின் மரம் நிற்கிறது. அதன் இலைகள் மக்களினங்களைக் குணமாக்குவதற்காக என்று அங்கே எழுதியிருக்கிறது. எல்லா மக்களுக்கும் பயன்படும் இலை, அதுதான் விண்ணகத்தின் அடையாளம்.

வரும் சனிக்கிழமை காலை, பங்கு மன்றத்தாரும் இளையோரும் அன்பியப் பொறுப்பாளர்களும் மண்வெட்டியோடு கோவில் வளாகத்துக்கு வாருங்கள். ஆளுக்கு ஒரு கன்று கொண்டு வாருங்கள். செடிகளை அறிந்த வயது முதிர்ந்த தாய்மார்களைக் கைப்பிடித்துக் கூட்டி வாருங்கள். எதை எங்கே நடுவதென்று அவர்கள் சொல்லட்டும், நாம் நடுவோம். கரட்டுச் செடியை உடுத்தி வளர்க்கும் தந்தை, அதைக் காக்கும் நம் கைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.